பழைய சொகுசுக் காரில் கீறலைப் பார்ப்பது எப்படி?

திருப்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி
30.7.2024, செவ்வாய்

இரண்டு வண்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒன்று கோயம்புத்தூரில் ஒரு டீலரிடம் உள்ள 2014 பென்ஸ் ஈ கிளாஸ். வெள்ளை நிறம், 46,000 கிலோமீட்டர், உள்ளும் புறமும் நேற்று ஷோரூமிலிருந்து வந்ததைப் போல இருக்கிறது. மற்றொன்று பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புக்காரரிடம் உள்ள அதே ஆண்டு பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ். கருநீலம், 1,12,000 கிலோமீட்டர், உடம்பெல்லாம் கீறல், கூரையில் ஒரு பள்ளம். விலையில் நான்கு லட்சம் வித்தியாசம். வீட்டில் பென்ஸைத்தான் சொல்கிறார்கள். கீறல் இல்லாத வண்டிக்கு அதிகம் கொடுப்பதுதானே நியாயம்? ஆடி முடியும் வரை எப்படியும் வாங்கப் போவதில்லை. அதற்குள் யாராவது சொல்லுங்கள்.


30.7.2024, இரவு 10.20

நியாயம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பத்து வருடம் ஓடிய வண்டியில் கீறல் எத்தனை என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். ஓரிடத்துத் தேய்மானம் இன்னோரிடத்துத் தேய்மானத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். ஸ்டீயரிங்கின் இரு பக்கங்கள், ஸ்டார்ட் பட்டன், வலது முன்கதவில் இருக்கும் கண்ணாடி சுவிட்சுகள், பிரேக் பெடலின் ரப்பர், ஏறி இறங்கும்போது உடம்பு உரசும் ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரத் திண்டு ஆகிய ஐந்தும் ஏறக்குறைய ஒன்றாகவே மூப்படைய வேண்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பென்ஸின் ஸ்டீயரிங் கை பட்டுத் தேய்ந்து, எண்ணெய் தேய்த்த தலையைப் போலப் பளபளக்கிறது. இருக்கையோ மடிப்புக் கலையாத புது வேட்டியாக இருக்கிறது. இரண்டும் ஒரே வண்டியில் எப்படி இருக்க முடியும்? ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்ட மீட்டரைத் திருப்பியிருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.


31.7.2024, காலை 6.45

இரவு எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இருக்கை ஆர்ட்டிகோ, அதாவது பென்ஸ் தன் செயற்கைத் தோலுக்கு வைத்திருக்கும் பெயர். நல்ல தோல் சுருங்கும், மடிப்பு விழும், நிறம் உதிரும்; ஆர்ட்டிகோ இலேசில் அசையாது. ஆகையால் அந்த இருக்கை புதிதாகத் தெரிவது குறைந்த ஓட்டத்துக்கும் சாட்சியில்லை, மோசடிக்கும் சாட்சியில்லை. ஸ்டீயரிங்கில் இருப்பது உண்மையான தோல். அதன் பளபளப்புக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். 2020-இல் நாம் எல்லோரும் கையில் சானிட்டைசரை ஊற்றிக்கொண்டு, அது காயும் முன்பே ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டியவர்கள்தாம். அந்தச் சாராயம் தோலின் மேற்பூச்சை அரித்துவிடும். சுவிட்சுகளின் மெதுமெதுப்பான பூச்சும் பிசுபிசுத்துப் போகும். என் சொந்த வண்டியிலேயே ஸ்டீயரிங் முப்பதாயிரம் கிலோமீட்டர் அதிகம் ஓடியதைப் போலத் தெரிகிறது.

பெடல் ரப்பரைப் படமெடுத்து அனுப்புங்கள். அதில் யாரும் சானிட்டைசர் தேய்த்திருக்க மாட்டார்கள்.


31.7.2024, மாலை

பின் இருக்கையைச் சொல்ல மறந்துவிட்டேன். நம் பக்கத்தில் ஈ கிளாஸ் வாங்கும் முதலாளிகளில் பலர் அதை ஓட்டுவதேயில்லை; பின்னால் இடது பக்கம் உட்கார்ந்து பனியன் கம்பெனிக்கும் பேங்குக்கும் போய் வருகிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் முதலில் தேய்வது பின் இடது கதவின் கைப்பிடியும், அந்தக் கதவின் கீழ்ப்படியும், முன் இடது இருக்கையின் முதுகில் செருப்பு பட்ட இடமும்தான். ஓட்டுநர் இருக்கையை மட்டும் பார்த்து வண்டியின் வயதைச் சொல்கிறவர்கள் திருப்பூரில் ஏமாந்துபோவார்கள்.


1.8.2024

எந்த நேரத்தில் பார்ப்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வண்டி நனைந்திருக்கும்போது பார்க்காதீர்கள். ஈரம் மெல்லிய கீறல்களை நிரப்பி மறைத்துவிடும்; நாம் வருவது தெரிந்தால் சில டீலர்கள் சரியாகப் பத்து நிமிடம் முன்பு தண்ணீர் அடித்து வைப்பது அன்பினால் அன்று. நிலத்தடிப் பார்க்கிங்கும் உதவாது. காலை ஏழு மணி வெயில் சாய்ந்து விழும்போது, கதவின் நீளத்துக்கு முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தால் பாலிஷ் மெஷின் விட்ட சுழல் கோடுகள் சிலந்தி வலையாகத் தெரியும். வெள்ளை வண்டியில் அவை அவ்வளவாகத் தெரியாது. கறுப்பிலும் கருநீலத்திலும் மறைக்கவே முடியாது. உங்கள் கண்ணுக்கு அந்த பி.எம்.டபிள்யூ. அசிங்கமாகவும் பென்ஸ் அழகாகவும் தெரிவதில் நிறத்துக்கே ஒரு பெரிய பங்கு உண்டு.

பள்ளத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. இரவில் வண்டியைப் பெட்ரோல் பங்க்கின் கூரைக்கு அடியில் நிறுத்துங்கள். மேலே எரியும் விளக்கு வரிசை கதவில் நேர்கோடாக விழும். நீங்கள் முன்னும் பின்னும் நடக்க நடக்க அந்தக் கோடும் நகரும். அது எங்கே நெளிகிறதோ அங்கே பள்ளம் இருக்கிறது, அல்லது பள்ளத்தை நிரப்பும் பட்டியைப் பூசித் தேய்த்த பரப்பு இருக்கிறது. டீசல் போடப் போன சாக்கில் இதைச் செய்துவிடலாம். டீலரிடம் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை.


2.8.2024, மதியம்

பெருந்துறை வாசகர், வண்டி முழுக்க வெள்ளைப் புள்ளி இருந்தால் பெயின்ட் போய்விட்டது என்று அர்த்தமா என்று கேட்கிறார். எப்போதும் அப்படி இல்லை. அது உங்கள் போர் தண்ணீர். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் தெருவில் வளர்ந்த வண்டிக்கும், உப்புத் தண்ணீரில் குளித்து வெயிலில் காய்ந்த வண்டிக்கும் பெயின்ட்டிலேயே வித்தியாசம் தெரியும்; சிறுவாணியைக் குடிக்கத்தான் வைத்துக்கொள்வோமே தவிர வண்டிக்கு ஊற்ற மாட்டோம் என்பது வேறு விஷயம்.

பார்க்க வேண்டியது இதுதான். புள்ளியின் மேல் வினிகரில் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். புள்ளி போய்விட்டால் அது வெறும் சுண்ணாம்புப் படிவு. போன இடத்தில் குழி மாதிரி ஒரு வளையம் மிஞ்சினால், அது மேற்பூச்சான கிளியர் கோட்டை அரித்துவிட்டது. அதைப் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பாலிஷும் அந்தப் பூச்சில் கொஞ்சத்தைச் சாப்பிட்டுவிடும். பூச்சின் மொத்தக் கனமே நாற்பது, ஐம்பது மைக்ரான்தான்.


2.8.2024, இரவு

மைக்ரான் என்று எழுதிவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடியின் கனம் சுமார் எழுபது. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 90 முதல் 150 வரை இருக்கும். மேலே மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் 200, 300 என்று போகும். டிங்கரிங் செய்து பட்டி பார்த்த இடத்தில் 500-ஐத் தாண்டி ஆயிரத்தையும் தொடலாம்.

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப்செட் பட்டறையில் தரம் பார்ப்பதுதான் என் தொழில் என்பதால் இந்த எண்கள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்திருந்தேன். மூன்று வருடம் முன்பு கோபிசெட்டிபாளையத்தில் ஓர் ஈ கிளாஸைப் பார்க்கப் போனபோது, பட்டறையில் பவுடர் கோட்டிங்கை அளக்க வைத்திருக்கும் மீட்டரை எடுத்துப்போனேன். கதவுகளில் 120, 125 என்று அழகாகக் காட்டியது. பானெட்டில் வைத்தேன், எண்ணே வரவில்லை. முன்சக்கரங்களுக்கு மேலிருக்கும் இரண்டு ஃபெண்டரிலும் வரவில்லை. டிக்கி மூடியிலும் வரவில்லை. சட்டைப்பையில் இருந்த காந்தத்தை வைத்தேன். அது வழுக்கிக் கீழே விழுந்தது. காந்தம்கூட ஒட்டாத அளவுக்குப் பட்டி பூசியிருக்கிறார்கள், முன்னும் பின்னும் இடித்த வண்டி என்று வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏனுங் தம்பி, வண்டி வாங்க வந்தீங்ளா, வைத்தியம் பார்க்க வந்தீங்ளா?" என்று கேட்டார்.

அந்த மாடலில் பானெட், முன் ஃபெண்டர்கள், டிக்கி மூடி எல்லாமே அலுமினியம். என் மீட்டர் இரும்புக்கு மட்டும் ஆனது. வண்டியை வேறொருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை நன்றாக ஓடுவதாகக் கேள்வி.

உங்கள் இரண்டு வண்டிகளுக்கும் இது பொருந்தும். 2014 ஈ கிளாஸில் நான் சொன்ன பாகங்களும், அந்த ஆண்டு 5 சீரிஸில் பானெட், முன் ஃபெண்டர்களோடு நான்கு கதவுகளும் அலுமினியம். இரும்பையும் அலுமினியத்தையும் ஒருசேர அளக்கும் மீட்டர் வேண்டும். இப்போது என்னிடம் இருக்கிறது.


3.8.2024

ஒரு சிறு சேர்க்கை. பி.பி.எஃப். என்ற கண்ணாடி மாதிரியான பாதுகாப்புத் தாள் ஒட்டிய வண்டியில் மீட்டர் அந்தத் தாளையும் சேர்த்தே அளக்கும். 150, 200 மைக்ரான் கூடிவிடும். கதவின் விளிம்பில் நகத்தால் தடவினால் தாளின் ஓரம் தட்டுப்படும். செராமிக் கோட்டிங் மீட்டரில் தெரியும் அளவுக்குக் கனம் இல்லை. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே மீட்டருக்கு வேலையே கிடையாது.


3.8.2024, இரவு

இன்று ஆடிப் பெருக்கு. பவானி கூடுதுறைக்குப் போய்வந்த வண்டிகளைப் பார்த்ததில் ஒன்று தோன்றியது. நம் ஊர் வண்டிக்கு என்றே ஓர் அடையாளம் உண்டு: ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பானெட்டில் ஒரே இடத்தில் வைக்கும் சந்தனமும் குங்குமமும். வாரக்கணக்கில் வெயிலில் காயும் பொட்டு, கழுவிய பிறகும் இலேசான வட்டமாகத் தங்கிவிடும். வெறும் மஞ்சள் கறை வெயில் பட்டால் வெளுத்துவிடும். சாயக் குங்குமம் அவ்வளவு எளிதில் போகாது. மரத்தின் வளையத்தை எண்ணுவதுபோலப் பொட்டை எண்ணி வயது சொல்லலாமா என்று பல்லடத்து நண்பர் கேலி செய்கிறார். எண்ண முடியாது. ஆனால் ஸ்டீயரிங் நடுவிலுள்ள சின்னத்தின் இடுக்கில் காய்ந்த சந்தனம் இருந்து, பானெட்டில் வட்டத்தின் சாயலே இல்லையென்றால், அந்தப் பானெட்டை இரண்டாவது முறை பார்ப்பேன்.

தப்பாகவும் இருக்கலாம். என் மாமா பொட்டை வைத்த மறுநாளே துடைத்துவிடுவார். அத்தை அதற்காக இன்றும் திட்டிக்கொண்டிருக்கிறார்.


4.8.2024, ஞாயிறு, இரவு 9.00

கேள்வி கேட்டவரோடு போய் பென்ஸைப் பார்த்துவிட்டேன்.

பானெட் 118, 122, 125. ஃபெண்டர்களும் அப்படியே. சந்தனக் கொள்கை முதல் நாளிலேயே கவிழ்ந்துவிட்டது: பொட்டின் சாயலே இல்லை, ஆனால் பெயின்ட் கம்பெனியில் அடித்ததுதான். வலது பக்கக் கதவுகள் 110-லிருந்து 130 வரை. இடது முன்கதவும் அதே. இடது பின்கதவில் 245. அதற்குப் பின்னால் சக்கரத்துக்கு மேலிருக்கும் பாகத்தில் 260, 310, ஓரிடத்தில் 620.

டீலர் பையன், "லேசா டச்சப்புங் சார், பைக்காரன் உரசிட்டான்" என்றார். உரசலுக்குப் பெயின்ட் அடிப்பது குற்றமில்லை. இந்த வயதில் ஒரு பாகம்கூட மறுபெயின்ட் காணாத வண்டி நம் ஊர்ச் சாலைகளில் அபூர்வம். ஆகவே கண்ணாடிகளைப் பார்த்தேன். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் கம்பெனி முத்திரைக்குக் கீழே தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம் பொறித்திருக்கும். சுற்றிலும் 3, 3, 3 என்று வந்தது, அதாவது 2013; கண்ணாடி வண்டிக்கு முந்தைய ஆண்டில் செய்ததாக இருப்பது இயல்பு. இடது பின்கதவில் மட்டும் 8. பைக் உரசினால் கதவுக் கண்ணாடி உடைவதில்லை. கதவைத் திறந்து கீல் போல்ட்டுகளைப் பார்த்தேன். ஸ்பானர் பட்டு மூலைகளில் பெயின்ட் உதிர்ந்திருந்தது. கதவைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

பெடல் ரப்பர் புத்தம் புதிது. 46,000 கிலோமீட்டருக்கு யாரும் பெடல் ரப்பர் மாற்றுவதில்லை. அதே நேரம் பின் இடது கதவின் கீழ்ப்படியில் எழுத்து பாதி தேய்ந்திருக்கிறது. சர்வீஸ் ரெக்கார்டு எங்கே என்றால், பழைய ஓனரிடம் இருக்கிறது, வந்துவிடும் என்கிறார். சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறோம். ரெக்கார்டு கையில் வராமல் முன்பணம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வண்டி மோசம் என்று நான் சொல்லவில்லை. கதவு மாற்றிய வேலை சுத்தமான வேலை. அதை உரசல் என்று சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.


6.8.2024

"அப்படியென்றால் கீறல் உள்ள வண்டிதான் நல்ல வண்டி என்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்கிறார். கீறல் இருப்பதாலேயே எந்த வண்டியும் உத்தமம் ஆகிவிடாது. கீறலைக் காட்டி விலை குறைத்து, உள்ளே வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளம், 2015-லும் 2023-லும் டிசம்பரில் சென்னை வெள்ளம் என்று நமக்கு இரண்டு பக்கமும் தண்ணீர். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் மண் நிறக் கோடு இருக்கக் கூடாது. இருக்கையின் அடித் தண்டவாளத்தில் வண்டல் படிந்திருக்கக் கூடாது.

நகப் பரீட்சையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது பெரும்பாலும் பாலிஷில் போய்விடும். நகம் தட்டி நின்றால் பெயின்ட் வேலைதான். கிளியர் கோட் பாம்புச் சட்டைபோல உரிந்திருந்தால் பாலிஷ்காரர் என்ன வாக்குக் கொடுத்தாலும் நம்பாதீர்கள். அந்தப் பாகத்தை முழுதாகத் தேய்த்து அடித்தாக வேண்டும்.


11.8.2024, ஞாயிறு

பொள்ளாச்சி. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து மீட்டரையே கையிலிருந்து பிடுங்குகிறது.

தூரத்திலிருந்து பார்த்தபோது எனக்கும் மனம் விட்டுப்போனது. கதவுகளின் நடுவில், முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை, முன்னிருந்து பின்னாக மெல்லிய நீளக் கோடுகள். இரண்டு பக்கமும் அதே உயரம். தோப்புக்குப் போகும் இட்டேரியில் இருபுறமும் வேலி முள் நிற்கிறது, வண்டி அதை உரசிக்கொண்டு தினமும் போய் வந்திருக்கிறது. இருபது இடத்தில் நகத்தை ஓட்டினேன், நான்கில்தான் தட்டியது. மீட்டர் சுற்றிலும் 108-லிருந்து 140-க்குள் நின்றது. வலது முன்கதவில் மட்டும் 230. நான் வாயைத் திறக்கும் முன்பே தோப்புக்காரர், "அது நம்ம கேட்டுத் தூண்ல நானே உரசினதுங்க, 2019-ல அடிச்சது" என்றார். கண்ணாடி இலக்கம் எல்லாம் ஒன்று. கீல் போல்ட்டில் ஸ்பானர் பட்ட தடம் இல்லை.

கூரைப் பள்ளம் தேங்காய் விழுந்தது. பெயின்ட் விரியவில்லை, உள்ளிருந்து நெம்பி எடுக்கும் ஆளிடம் கொடுத்தால் பெயின்ட்டைத் தொடாமலே பெரும்பகுதி எழும்பிவிடும் என்று நினைக்கிறேன், ஆனால் அதற்குக் கூரையின் உள்துணியை இறக்க வேண்டும். டிக்கி விரிப்பில் ஒரு பெரிய பழுப்புக் கறை. வாழைத்தார். வாழைக்கறை வேட்டியிலேயே போகாது, விரிப்பில் எங்கே போகும்? ஐம்பது லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டியில் வாழைத்தார் ஏற்றுவானேன் என்று கேட்டேன். "நோம்பிக்கு ஒறம்பரை வூட்டுக்குக் கொண்டு போறதுக்கு லாரியா புடிக்க முடியுமுங்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

ஸ்டீயரிங் பளபளப்பு, வலது ஓரத் திண்டில் தோல் நிறம் உதிர்ந்த உள்ளங்கை அளவு இடம், பெடலில் வலது மூலை மழுங்கிய பழைய ரப்பர், எழுத்து மங்கிய சுவிட்சு எல்லாமே 1,12,000-ஐத்தான் சொல்கின்றன. பின் இருக்கையில் யாரும் உட்கார்ந்த சுவடே இல்லை.

அலாய் வீல்களில் இடது பக்கம் இரண்டும் ஓரத்தில் அரைபட்டிருக்கின்றன. நாம் இடது பக்கம் ஒதுங்குகிறவர்கள், பிளாட்பாரமும் இடது பக்கம்தான், இது இயல்பு. ஆனால் இடது முன் வீலின் உள்விளிம்பு நெளிந்திருக்கிறது. வெளியே அரைபட்டது அழகுப் பிரச்சினை. உள்ளே நெளிந்தது குழியில் இறங்கியது. இதற்கு மட்டும் நான் பேரம் பேசச் சொன்னேன். ஹெட்லைட்டில் இலேசான மஞ்சள் உண்டு, உள்ளே ஈரம் இல்லை. ஈரம் இருந்திருந்தால் பேச்சே வேறு; இந்த வகை வண்டிகளில் ஒரு ஹெட்லைட் லட்சத்தைத் தாண்டும்.


13.8.2024

கேள்வி கேட்டவரின் வீட்டுக்காரம்மா இன்னும் பென்ஸ் பக்கம்தான் நிற்கிறாராம். கீறல் வண்டியில் கல்யாணத்துக்குப் போய் இறங்குவது எப்படி என்று கேட்கிறாராம். அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சொகுசுக் காரை வாங்குவதில் பாதி காரணம் இறங்கும் இடம்தான். அதை மறைத்துக்கொண்டு மைக்ரான் பேசுவது பாசாங்கு. நான்கு லட்சம் வித்தியாசத்தில் இரண்டு பக்கக் கதவுகளையும் பாலிஷ் செய்து, நகம் தட்டும் நான்கு கோடுகளுக்கு மட்டும் பெயின்ட் அடித்து, இடது வீல்களைச் சரிசெய்தாலும் பெரும்பகுதி மிச்சம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். கூரையையும் டிக்கி விரிப்பையும் கணக்கில் சேர்க்கவில்லை. கல்யாண வீட்டில் யாரும் கூரை மேல் ஏறிப் பார்க்க மாட்டார்கள்.

என் முதல் குறிப்பில் இருக்கையைப் பார்த்தே பென்ஸின் கிலோமீட்டர் கணக்கைச் சந்தேகித்தேன். அது தவறான காரணம். பென்ஸின் சர்வீஸ் ரெக்கார்டு இன்றும் வரவில்லை. ஆக, சந்தேகம் அப்படியே நிற்கிறது, காரணம்தான் மாறியிருக்கிறது.


23.8.2024, வெள்ளி

ஆவணி பிறந்ததும் கேள்வி கேட்டவர் பொள்ளாச்சி வண்டியையே வாங்கிவிட்டார். நெளிந்த வீலுக்கு முப்பதாயிரம் குறைத்துக்கொண்டார்களாம். தோப்புக்காரர் சாவியோடு ஒரு தாரையும் டிக்கியில் வைத்து அனுப்பியிருக்கிறார், இந்த முறை அடியில் சாக்கு விரித்து.


26.8.2024

இன்று காலை அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. திருப்பூரில் சந்து திரும்பும்போது பின்பக்க இடது ஃபெண்டர் பால் வண்டியில் உரசிவிட்டதாம், ஒரு சாண் நீளம். பாலிஷ்காரரிடம் இன்னும் விடவேயில்லை. நகம் தட்டுகிறதா என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை.